‘மாமாவுக்குச் சொல்லிக் காட்டு!’

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள். முறுக்குத் தட்டு வந்த கையோடு, அந்த வீட்டின் நான்கு வயதுக் குட்டியும் வரவேற்பறையின் நடுவில் நிறுத்தப்படுகிறது. “மாமாவுக்கு அந்தக் குறளைச் சொல்லிக் காட்டு!” குட்டி தன் சட்டை நுனியைத் திருகுகிறது. அம்மா முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். குறள் முடிகிறது, கைதட்டல் எழுகிறது. அடுத்து ஒன்பது கோள்கள். (புளூட்டோவை 2006லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று யாரும் அந்த நேரத்தில் சொல்வதில்லை.) பிறகு ஆசிய நாடுகளின் தலைநகரங்கள். அப்பா கைப்பேசியில் பதிவு செய்கிறார். குட்டி மறுபடி தன் விளையாட்டுக் காருக்கு ஓடுவதற்குள் காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஒரு காலத்தில் அந்த நடுவில் நின்றவர்கள்தாம். இப்போது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, “அப்புறம், பிஎஸ்எல்இயில் எவ்வளவு வாங்கினாய்? இப்போது எந்தக் கல்லூரி?” என்ற கேள்வி தன்மீது திரும்பாமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்.

பெற்றோர் பெருமைப்படுவதில் தப்பில்லை. அது பழையது, அழகானது. திருக்குறளில் ‘மக்கட்பேறு’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் வரும் தாயைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மகனைப் பற்றி ஊரார் நல்லபடியாகப் பேசுவதை அவள் காதால் கேட்கிறாள், மகிழ்கிறாள். அவளாக யாரையும் கூப்பிட்டு எதையும் சொல்லவில்லை. மகனை முன்னால் நிறுத்தவும் இல்லை. அந்தச் சிறிய வேறுபாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேள்வியிலிருந்து மதிப்பெண்ணுக்கு

மூன்று நான்கு வயதில் ஒரு பிள்ளை கேட்கும் கேள்விகளை வீடே கொண்டாடுகிறது. மின்தூக்கிக்கு நம் மாடி எப்படித் தெரியும்? ரயிலின் முன்னால் மாமா யாரும் இல்லையே, யார் ஓட்டுகிறார்கள்? (வடகிழக்கு ரயில் பாதை 2003இல் திறந்த நாளிலிருந்து ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. தெரிந்த பெரியவர்கள்கூட அது எப்படி என்று ஒருமுறையும் யோசித்திருக்க மாட்டோம்.) இரவில் பாட்டியிடம் தொலைபேசியில் சொல்வதற்கு அம்மாவுக்கு அன்றாடம் ஒன்று கிடைத்துவிடும்: “இன்றைக்கு இவன் என்ன கேட்டான் தெரியுமா?”

அதே பிள்ளை தொடக்கநிலை நான்குக்கு வரும்போது தொலைபேசிப் பேச்சு மாறிவிடுகிறது. என்ன கேட்டான் என்பது போய், எவ்வளவு வாங்கினான் என்பது வந்துவிடுகிறது. பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதா, கேட்டாலும் கவனிக்க ஆளில்லையா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

இதற்குப் பள்ளியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. கல்வி அமைச்சு தன் பங்குக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2012 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை அது வெளியிடுவதில்லை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் மதிப்பீட்டு அறிக்கையில் வருவதில்லை. 2021இல் பழைய ‘டி-ஸ்கோர்’ போய், 4 முதல் 32 வரையிலான அடைவுநிலைப் புள்ளிகள் வந்தன. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் எல்லா நிலைகளிலும் நீங்கின. 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர்களுக்கான கல்வித் திட்டம் இப்போதைய வடிவில் நீடிக்காது என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார்.

இத்தனைக்குப் பிறகும் நவம்பர் மாத இறுதியில் பிஎஸ்எல்இ முடிவு வந்த மாலையில் உறவினர் வீடுகளில் தொலைபேசி அடிக்கத்தான் செய்கிறது. 260, 270 என்று கேட்டுப் பழகிய பாட்டிக்கு ‘எட்டு’ என்றால் நல்லதா கெட்டதா என்று புரிய இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான். ஓர் அமைச்சு அறிக்கையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிடலாம். வரவேற்பறையிலிருந்து எடுக்க அதனால் முடியாது.

இரண்டு தந்தையர்

அமெரிக்காவில் நூறாண்டுக்கு முன் வாழ்ந்த இரு குடும்பங்களின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் தந்தை ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதர். இரண்டிலும் மகன் சிறு வயதிலேயே கூர்மையானவன். இரண்டு தந்தையருக்கும் மகனை எண்ணி அளவில்லாத பெருமை.

முதலாமவர் போரிஸ் சைடிஸ், உளவியலாளர். 1898இல் பிறந்த தம் மகன் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸைத் தம் கல்விக் கொள்கைக்குச் சான்றாகவே வளர்த்தார். 1909இல், 11 வயதில், வில்லியம் ஹார்வர்டில் சேர்ந்தார். 1910 ஜனவரியில் அங்குள்ள கணிதக் கழகத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி உரையாற்றினார். நாளிதழ்கள் குவிந்தன. மறு ஆண்டு தந்தை தம் கல்வி முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். பையன் எங்கே போனாலும் செய்தியாளர் பின்னால் போனார்.

வளர்ந்த வில்லியம் செய்தது ஒன்றுதான்: ஒளிந்துகொண்டார். கணிதத்தை விட்டார். கணக்கு எழுதும் சாதாரண எழுத்தர் வேலைகளைப் பார்த்தார். டிராம் வண்டிகளில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தரும் பயணச்சீட்டுகளைச் சேகரிப்பதில் அவருக்குத் தீராத விருப்பம். அதைப் பற்றி 1926இல் புனைபெயரில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1937இல் ‘நியூயார்க்கர்’ இதழ் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த அதிசயச் சிறுவன் இப்போது எப்படி இருக்கிறான் பாருங்கள் என்ற தொனியில் எழுதியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிறுவயதில் அவர் பொதுமக்கள் அறிந்த ஆளாக இருந்தார், பின்னர் அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்வதில் பொதுமக்களுக்கு அக்கறை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 1944இல், 46 வயதில் காலமானார்.

வில்லியம் தோற்றுப்போனார் என்று நான் சொல்ல மாட்டேன். டிராம் சீட்டு சேகரிப்பது தோல்வி இல்லை. அவரைப் பற்றி 250, 300 என்று இணையத்தில் சுற்றும் ‘ஐக்யூ’ எண்களையும் நம்ப வேண்டாம், அவற்றுக்குச் சரியான ஆதாரம் இல்லை. என்னை உறுத்துவது அந்தத் தீர்ப்புதான். 11 வயதில் அவர் சார்பில் பெரியவர்கள் எடுத்த முடிவை, 40 வயதுக்குப் பிறகும் அவரால் திரும்பப் பெற முடியவில்லை. குழந்தையின் காணொளியைப் பொதுவில் போடும் ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்க வேண்டிய வழக்கு இது. பெரும்பாலான சமூக ஊடகத் தளங்கள் 13 வயதுக்குக் கீழ் கணக்கு வைக்க விடுவதில்லை. ஆனால், நான்கு வயதுப் பிள்ளையின் அழுகையையும் தவறான விடையையும் பெற்றோர் தங்கள் கணக்கில் போடலாம். அந்தப் பிள்ளை உயர்நிலை இரண்டுக்கு வரும்போது வகுப்புத் தோழர்கள் அதைத் தேடி எடுப்பது ஒன்றும் கடினமில்லை.

இரண்டாமவர் மெல்வில் ஃபைன்மன். சீருடை வியாபாரத்தில் இருந்தவர். பட்டம் பெற்ற அறிவியலாளர் அல்லர். அவர் மகன் ரிச்சர்ட் ஃபைன்மன் 1918இல் நியூயார்க்கில் பிறந்து, 1965இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தந்தை தம்மிடம் பேசிய விதத்தைப் பற்றி ரிச்சர்ட் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கலைக்களஞ்சியத்தில் டைனோசர் பற்றிப் படிக்கும்போது, அதன் உயரம் 25 அடி, தலையின் அகலம் ஆறு அடி என்று வருகிறது. தந்தை அங்கே நிறுத்துவார். அப்படியென்றால் அது நம் வீட்டு வாசலில் நின்றால் மாடி ஜன்னல்வரை அதன் தலை எட்டும், ஆனால் உள்ளே நுழைக்கப் பார்த்தால் ஜன்னலே உடைந்துபோகும் என்று எண்ணைக் காட்சியாக மாற்றிச் சொல்வார். படித்ததை மகன் ஒப்பிக்க வேண்டும் என்று கேட்டதில்லை.

இன்னொன்று பறவைக் கதை. கோடை விடுமுறையில் மற்றப் பையன்கள் ஒரு பறவையின் பெயரைச் சொல்லி, உன் அப்பா இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா என்று கேலி செய்கிறார்கள். அவர் தந்தையோ, ஒரு பறவையின் பெயரை எல்லா மொழிகளிலும் தெரிந்துகொண்டாலும் அந்தப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரிந்ததாகாது என்று முன்பே சொல்லியிருந்தார். பெயரை விட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்பது அவர் வழக்கம். பறவை அடிக்கடி தன் இறகைக் கொத்துகிறதே, ஏன்? பறந்ததில் கலைந்த இறகைச் சீர்செய்கிறது என்று மகன் ஊகிக்கிறான். அப்படியானால் இப்போதுதான் தரையிறங்கிய பறவை அதிகமாகவும், வெகுநேரமாக நடந்துகொண்டிருக்கும் பறவை குறைவாகவும் கொத்த வேண்டும் இல்லையா? இருவரும் பார்க்கிறார்கள். வேறுபாடு தெரியவில்லை. சரி, காரணம் வேறு ஏதோ. பிறகுதான் இறகில் வாழும் பேன்களைப் பற்றிப் பேச்சு வருகிறது.

இந்தச் சோதனையைச் செய்ய விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். புளோக்கின் கீழே காப்பிக் கடை மேசைகளைச் சுற்றிவரும் மைனாக்கள் போதும். தம்பி தங்கையுடன் பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

மெல்வில் 1946இல் இறந்துவிட்டார். மகனின் நோபெல் பரிசை அவர் பார்க்கவில்லை.

தங்க நட்சத்திரத்தின் விலை

“பிள்ளையைப் பாராட்டினால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். நல்லதுதான், ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதை விரும்பும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் யார் எவ்வளவு நேரம் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அப்படியென்றால் கேடு சான்றிதழில் இல்லை. அதைக் காட்டி வரையச் சொன்னதில்தான் இருந்தது.

1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். வேறுபாடு அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து எந்தப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் தங்கள் பெயரைக் காப்பாற்றும் புதிர்களையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிரில் சறுக்கிய பிறகு அவர்களது செயல்பாடு கீழே போனது. இன்னொரு பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பு என்றபோது, அவர்களில் ஐந்தில் இருவர் அளவுக்கு மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். (வளர்ச்சி மனப்பான்மையைப் பயிற்சியால் ஊட்டலாம் என்ற பின்னாள் ஆய்வுகளில் பயன் சிறிதாகவே தெரிந்தது, ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் அந்தப் பொய்யை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். யாரும் சோதிக்கப் போவதில்லை, எந்தப் பரிசும் இல்லை. பெற்ற பெயரைக் காப்பாற்ற ஒரு பத்து வயதுப் பிள்ளை எண்ணை மாற்றுகிறது. ‘எங்கள் வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரன்’ என்ற பெயரோடு வளர்ந்து, உயர்நிலை மூன்றில் கூடுதல் கணிதத்தில் முதன்முறை தோற்று, தேர்வுத் தாளைப் பையின் அடியில் மடித்து வைத்தவர்களுக்கு அந்தப் பிள்ளையைப் புரியும்.

இங்கே நம் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவிலும் சமூக மன்றப் போட்டிகளிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் பேசுகிறார்கள், கதை சொல்கிறார்கள், பாரதி வேடத்தில் மீசை ஒட்டி வருகிறார்கள். தமிழைப் பொதுமேடையில் பேச வைப்பதற்கு இவை தேவை, மனப்பாடமும் இழிவானதன்று. அந்த வயதில் நாவில் ஏறியது ஆயுளுக்கும் இருக்கும். ஆனால், அம்மா எழுதி, அப்பா திருத்தி, பாலர் பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கும் உரையில் பிள்ளையின் பங்கு நினைவாற்றல் மட்டுமே. மேடையிலிருந்து இறங்கியதும் அந்தப் பிள்ளையிடம், “நீ சொன்ன கதையில் அந்த நரி செய்தது சரியா?” என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். அங்கே வரும் தட்டுத் தடுமாறிய மூன்று வாக்கியங்களுக்கு நான் கோப்பையையே கொடுத்துவிடுவேன்.

மூத்தவர் நீங்கள் என்றால்

குழந்தைகள் யாரிடம் அதிகம் கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் பாலர் பள்ளியிலும் பதிவு செய்து, 1984இல் புத்தகமாக வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 26 கேள்விகள். பள்ளியில் ஆசிரியரிடம் இரண்டு. அவர்களில் பாதிப்பேர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வீடுகளிலும் நிறையப் பேச்சு நடந்தது, கேள்விக்குப் பதில் கிடைத்தது. அன்றாட வீட்டு வேலைகள் நடக்கும் நேரத்திலும் கேள்விகள் வந்தன. அறிவியல் நிலையத்துக்குக் கூட்டிப் போக முடியாத வாரத்திலும் கேள்விக்குப் பஞ்சமில்லை.

நம் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து திரும்ப ஏழு மணி ஆகலாம். அதுவரை அந்த 26 கேள்விகளில் பாதி உங்களிடம் வரும். காதில் ‘இயர்பீஸ்’ இருக்கும்போது, நாளை ஒப்படைக்க வேண்டிய பாடவேலை திறந்திருக்கும்போது வரும். எரிச்சல் இயல்பு. ‘கூகளில் தேடு’ என்பதும் இயல்பு. ஆனால், அந்த வீட்டில் பிள்ளையைப் பற்றிப் பெருமை பேசுபவர் பெற்றோராக இருக்கலாம். அதன் கேள்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

ஃபைன்மன் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ரிச்சர்டுக்கு ஒன்பது வயது இளையவள் தங்கை ஜோன். அண்ணனின் கேள்விகளைக் கொண்டாடிய அதே வீட்டில், அறிவியலறிஞராக வேண்டும் என்று எட்டு வயதில் ஜோன் சொன்னபோது, பெண்களின் மூளைக்கு அது எட்டாது என்று அம்மா சொன்னார். அந்த அம்மா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர். ஜோன் அழுதார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளையின் ஆர்வம் பெருமையாகவும் இன்னொரு பிள்ளையின் ஆர்வம் தொந்தரவாகவும் தெரிவது அன்றைய நியூயார்க்கோடு முடிந்துபோன பழக்கமும் அல்ல.

அண்ணன் தங்கையைத் தன் சின்ன ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டான். ஓரிரவு அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, வீட்டுக்கு அருகிலிருந்த கோல்ஃப் திடலுக்குக் கூட்டிப் போய், வானத்தைப் பார் என்றான். மேலே வடதுருவ ஒளி அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு 14 வயதானபோது கல்லூரி மாணவர்கள் படிக்கும் வானியல் பாடநூல் ஒன்றைப் பரிசளித்தான். அதிலிருந்த ஒரு வரைபடத்தின் கீழே செசிலியா பெய்ன் என்ற பெண் வானியலாளரின் பெயரைப் பார்த்த கணத்தில், தன்னாலும் முடியும் என்று தெரிந்துகொண்டதாக ஜோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1958இல் ஜோன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். சூரியனிலிருந்து வீசும் துகள்களுக்கும் பூமியின் காந்தப் புலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த இரவு பார்த்த துருவ ஒளியே அவருடைய துறையாயிற்று. அண்ணனோ உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். நாம் இருவரும் போட்டி போட வேண்டாம், துருவ ஒளி எனக்கு, மற்றப் பிரபஞ்சம் முழுவதும் உனக்கு என்று ஜோன் ஒரு பங்கீடு சொன்னார். ரிச்சர்ட் ஒப்புக்கொண்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின் ரிச்சர்ட் அலாஸ்கா போனபோது, அங்கே துருவ ஒளியை ஆராயும் அறிவியலாளர் ஒருவர், நீங்களும் இதில் இறங்கலாமே என்று அவரைக் கேட்டார். விருப்பம்தான், ஆனால் தங்கையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார் நோபெல் பரிசாளர். ஊர் திரும்பியதும் கேட்டார். ஜோன் முடியாது என்று சொல்லிவிட்டார்.